கடை சாத்தத் தெரியாத சர்வர்கள்

தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள். இரவு பதினொன்றரை மணி. மாணவர் ஒருவர் கல்லூரியின் இணையதளத்தில் பணம் கட்டுகிறார். வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்துவிட்டது. பணம் போயாச்சு! ஆனால் திரையில் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இரண்டு நிமிடம் கழித்து "மீண்டும் முயற்சிக்கவும்" என்று ஒரு வரி. திரும்ப உள்ளே போய்ப் பார்த்தால் "கட்டணம் நிலுவையில் உள்ளது".

மறுபடி கட்டுவதா, காத்திருப்பதா? மறுபடி கட்டினால் இரண்டு தடவை பணம் போகும். காத்திருந்தால் பன்னிரண்டு மணிக்குக் கெடு முடிந்துவிடும். இந்த அவஸ்தையை யாரிடமாவது சொன்னால் "நெட் ஸ்லோவா இருந்திருக்கும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

இருந்திருக்கலாம். ஆனால் அதிகம் பேசப்படாத இன்னொரு காரணமும் உண்டு. அந்த நேரம் பார்த்து யாரோ ஒருவர் சர்வரில் புது வெர்ஷன் ஏற்றியிருப்பார். பழைய புரோகிராமை நிறுத்திவிட்டுப் புதியதை ஓடவிட்டிருப்பார். எல்லாம் ஐந்தே விநாடி வேலை. அவருடைய திரையில் ஒரு பிழையும் வந்திருக்காது. "அப்பாடா, முடிஞ்சது" என்று தூங்கப் போயிருப்பார். அந்த ஐந்து விநாடிக்குள் அகப்பட்டுக்கொண்டவர்தான் நம்ம மாணவர்.

ஒரு புரோகிராமைத் தொடங்குவது எப்படி என்று சொல்லித்தர ஏகப்பட்ட புத்தகங்கள் இருக்கின்றன. முதல் பாடமே உலகத்துக்கு வணக்கம் சொல்வதுதான். "போய்ட்டு வரேன்" என்று ஒழுங்காகச் சொல்லிவிட்டுக் கிளம்புவது எப்படி என்பது மட்டும் பெரும்பாலும் எந்தப் பாடத்திலும் வருவதில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

பதினைந்தும் ஒன்பதும்

லினக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராமை நிறுத்த வேண்டுமென்றால் அதற்கு ஒரு சிக்னல் அனுப்ப வேண்டும். சிக்னல்களில் பல வகை. இங்கே நமக்கு வேண்டியவை இரண்டு.

முதலாவது சிக்டெர்ம். அதன் எண் 15. "நேரமாச்சு, கையில இருக்கிற வேலையை முடிச்சுட்டுக் கிளம்பு" என்பது இதன் பொருள். புரோகிராம் விரும்பினால் இதைக் காதில் வாங்கிக்கொண்டு, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு மெதுவாகக் கிளம்பலாம்.

இரண்டாவது சிக்கில். எண் 9. இதைப் பிடிக்கவும் முடியாது, ஒதுக்கவும் முடியாது. புரோகிராமின் காதில் விழுவதற்கு முன்பே கர்னல் கதையை முடித்துவிடும். எழுதிக்கொண்டிருந்த வரி பாதியில் நிற்கும்.

கொஞ்சம் அனுபவம் வந்தவுடன் எல்லோருடைய விரலுக்கும் "கில் -9" தானாக வந்துவிடுகிறது. சட்டென்று வேலை முடிகிறதல்லவா! "நாங்க 15தான் அனுப்புறோம்" என்று சொல்கிறவர்களும் உண்டு. ஆனால் 15 வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று புரோகிராமில் யாரும் எழுதி வைக்காவிட்டால் அதுவும் உடனடி மரணம்தான். மரியாதையான சிக்னலை அனுப்பினால் மட்டும் போதாது. அதைக் கேட்கிறவனுக்கும் மரியாதை தெரிந்திருக்க வேண்டும்.

ஒழுங்காகச் சாத்துவது எப்படி?

மளிகைக் கடைக்காரர் இரவு எப்படிக் கடை சாத்துகிறார் என்று பாருங்கள். முதலில் ஷட்டரைப் பாதி இறக்குவார். புதிதாக வருகிறவர்களிடம் "நாளைக்கு வாங்க" என்பார். உள்ளே இருப்பவர்களுக்குப் பொருளைக் கொடுத்து, காசை வாங்கி, மீதியைக் கொடுத்து அனுப்புவார். அப்புறம் கல்லாவை எண்ணுவார். கடைசியாக விளக்கை அணைப்பார். விளக்கை அணைத்துவிட்டுக் கல்லாவை எண்ணுகிற கடைக்காரர் யாரும் இல்லை.

சர்வரும் அதே வரிசையில்தான் போக வேண்டும்.

1. புதுக் கோரிக்கைகளை வாங்குவதை நிறுத்த வேண்டும்.
2. ஏற்கெனவே வாங்கிய கோரிக்கைகளை முடித்துப் பதில் அனுப்ப வேண்டும்.
3. பின்னணியில் ஓடும் வேலைகளை ஒரு நல்ல இடத்தில் நிறுத்த வேண்டும்.
4. அதற்குப் பிறகே டேட்டாபேஸ் இணைப்பு, திறந்த கோப்பு, பிடித்த பூட்டு எல்லாவற்றையும் விட வேண்டும்.
5. இதெல்லாம் ஒரு கெடுவுக்குள் முடிய வேண்டும். முடியாவிட்டாலும் கிளம்பிவிட வேண்டும்.

பார்க்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டையும் நான்கையும் இடம் மாற்றிப்போடுகிற புரோகிராம்கள் ஏராளம். உள்ளே நூறு பேர் காத்திருக்கும்போதே டேட்டாபேஸ் இணைப்பை மூடிவிடுவார்கள். நூறு பேருக்கும் பிழைச் செய்தி போகும். இதற்குப் பேசாமல் 9ஐ அனுப்பியிருக்கலாம்.

கோ மொழியில் இதற்கென்றே 2017 பிப்ரவரியில் வந்த 1.8 வெர்ஷனில் ஷட்டவுன் என்று ஒரு செயல்கூறு சேர்த்தார்கள். நல்ல விஷயம். ஆனால் அதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஷட்டவுனை அழைத்த உடனே, கோரிக்கைகளுக்காகக் காத்துக்கொண்டிருந்த பகுதி "சர்வர் மூடப்பட்டது" என்று திரும்பிவிடும். அதைப் பார்த்து முதன்மை நிரல் "சரி, எல்லாம் முடிஞ்சது" என்று நினைத்து வெளியேறினால், உள்ளே மீதமிருந்த வேலைகளும் அதோடு சாகும். ஷட்டவுன் முடியும்வரை காத்திருக்க வேண்டும் என்று ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. ஆவணத்தை யார் படிக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

ஜாவா உலகத்தில் பெரும்பாலோர் பயன்படுத்தும் ஸ்பிரிங் பூட்டில் 2020இல் வந்த 2.3 வெர்ஷனில் இந்த வசதி வந்தது. ஆனால் வேண்டுமென்றால்தான் இயக்கிக்கொள்ள வேண்டும். எதுவும் சொல்லாமலே ஒழுங்காகச் சாத்தும் என்ற நிலை 2024 நவம்பரில் வந்த 3.4இல்தான் ஏற்பட்டது. அதுவரை, யாரும் கேட்காவிட்டால் டப்பென்று சாத்துவதுதான் வழக்கம். எது இயல்பாக அமைந்திருக்கிறதோ அதைத்தான் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அப்படியே விட்டுவைப்பார்கள் என்பது தெரிந்த கதைதானே.

சொன்னது காதில் விழவில்லை

இன்னொரு வகை உண்டு. புரோகிராம் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கும். 15 வந்தால் என்ன செய்வது என்று எல்லாம் தெரிந்திருக்கும். ஆனால் 15 வந்து சேரவே சேராது!

டாக்கர் பெட்டிக்குள் புரோகிராமை வைத்து ஓட்டும்போது இது அடிக்கடி நடக்கும். புரோகிராமை நேரடியாகத் தொடங்காமல் ஒரு ஷெல் வழியாகத் தொடங்கினால், பெட்டிக்குள் முதல் ஆள் ஷெல்தான். சிக்னல் அவனுக்குப் போகும். அவன் அதைத் தன் பிள்ளைக்குக் கடத்த மாட்டான். போதாக்குறைக்கு, முதல் எண் கொண்ட புரோசஸுக்குக் கர்னல் ஒரு சலுகையும் தருகிறது. கையாளும் நிரல் இல்லாவிட்டால் 15 வந்தாலும் அது சாகாது, சும்மா உட்கார்ந்திருக்கும். டாக்கர் 10 விநாடி பார்க்கும். ஆள் கிளம்பவில்லை. 9ஐ அனுப்பிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான அடையாளம் இருக்கிறது. புரோகிராம் வெளியேறிய எண் 143 என்றிருந்தால் அது 15ஆல் செத்தது (128+15). 137 என்றிருந்தால் 9ஆல் செத்தது (128+9). ஒவ்வொரு முறை புது வெர்ஷன் ஏற்றும்போதும் சரியாகப் பத்து விநாடி தாமதமும் அதன்பின் 137ம் வந்தால் புரிந்துகொள்ள வேண்டியதுதான். மணி அடித்தது, கேட்கத்தான் ஆள் இல்லை.

அப்பாச்சி சர்வரின் கதை இன்னும் வேடிக்கை. அதில் "மெதுவாக நிறுத்து" என்பதற்குத் தேர்ந்தெடுத்த சிக்னலின் பெயர் சிக்வின்ச். டெர்மினல் ஜன்னலின் அளவு மாறினால் வருகிற சிக்னல் அது. பின்னணியில் ஓடும் சர்வருக்கு ஜன்னல் ஏது என்று நினைத்திருக்கலாம். ஆனால் யாராவது சோதனைக்காக டெர்மினலிலேயே முன்னணியில் ஓட்டிப்பார்த்து, ஜன்னலின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால்... சர்வர் மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடும்!

குபெர்னெட்டிஸில் சிக்கல் வேறு மாதிரி. ஒரு பெட்டியை நிறுத்த முடிவானதும் இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. ஒரு பக்கம் புரோகிராமுக்கு 15 போகிறது. இன்னொரு பக்கம் "இனிமேல் இவனுக்கு ஆள் அனுப்பாதீர்கள்" என்று மற்ற இயந்திரங்களுக்குத் தகவல் போகிறது. இரண்டாவது தகவல் எல்லோருக்கும் போய்ச் சேரக் கொஞ்ச நேரமாகும். அதற்குள் புரோகிராம் அவசரமாகக் கதவைச் சாத்திவிட்டால், தெரியாமல் வந்தவர்கள் மூடிய கதவில் முட்டிக்கொள்வார்கள். அதனால்தான் 15ஐ அனுப்பும் முன் சில விநாடி சும்மா தூங்க வைக்கிறார்கள். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அந்தத் தூக்கத்துக்கு உண்மையிலேயே அர்த்தம் இருக்கிறது.

எவ்வளவு நேரம் காத்திருப்பது?

மரியாதைக்கும் ஒரு அளவு வேண்டும். டாக்கர் இயல்பாகத் தருவது 10 விநாடி. குபெர்னெட்டிஸ் 30 விநாடி. சிஸ்டம்டி வழக்கமாக 90 விநாடி. அமேசானில் மலிவு விலைக்குக் கிடைக்கும் ஸ்பாட் இயந்திரங்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் முன் 2 நிமிட முன்னறிவிப்பு வரும். மின்வெட்டுக்கு முன்னறிவிப்பு பூஜ்யம்.

காலம் குறிக்காமல் காத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் நல்ல உதாரணம். அதை நிறுத்த மூன்று முறைகள் இருக்கின்றன. 'ஸ்மார்ட்' என்றால் இணைந்திருக்கும் எல்லோரும் தாமாகப் போகும்வரை காத்திருக்கும். 'ஃபாஸ்ட்' என்றால் நடந்துகொண்டிருக்கும் பரிவர்த்தனைகளை ரத்து செய்து, எல்லோரையும் வெளியே அனுப்பி, முறையாக மூடும். 'இம்மீடியட்' என்றால் அப்படியே விழுந்துவிடும். அடுத்த முறை எழும்போது பழையதைச் சரிபார்த்துக்கொள்ளும்.

நிறுத்தும் கட்டளையில் முதலில் இயல்பாக இருந்தது ஸ்மார்ட். பெயர்தான் ஸ்மார்ட். யாரோ ஒருவர் ஒரு இணைப்பைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தால் அவர் திரும்பும்வரை மொத்த டேட்டாபேஸும் காத்திருக்கும். 2016 ஜனவரியில் வெளிவந்த 9.5 வெர்ஷனில் இயல்பு முறையை ஃபாஸ்ட்டுக்கு மாற்றிவிட்டார்கள். சரியான முடிவு. கடை சாத்தும் நேரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து தினசரி படிப்பவருக்காகக் கடைக்காரர் விடியும்வரை விழித்திருக்க முடியாது.

"செத்தால் சாகட்டும்" கட்சி

இவ்வளவு தொல்லை எதற்கு என்று கேட்கிற ஒரு கட்சி இருக்கிறது. அவர்கள் வாதம் லேசானது அல்ல.

2003இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஜார்ஜ் காண்டியா, அர்மாண்டோ ஃபாக்ஸ் என்ற இருவர் "க்ராஷ்-ஒன்லி" மென்பொருள் என்றொரு கருத்தை எழுதினார்கள். எந்த சர்வரும் என்றாவது ஒருநாள் திடீரென்று விழத்தான் போகிறது. மின்சாரம் போகும். மெமரி தீர்ந்து லினக்ஸே ஏதாவது ஒரு புரோகிராமைப் பலி கொடுக்கும் (அதற்கு அது அனுப்புவதும் 9தான்). எனவே விழுந்து எழும் வழி எப்படியும் வேண்டும். அது இருக்கும்போது, ஒழுங்காக மூடுவதற்கு இரண்டாவதாக ஒரு வழி எதற்கு? நிறுத்துவது என்றாலே விழ வைப்பது, தொடங்குவது என்றாலே மீட்டெடுப்பது என்று வைத்துக்கொண்டால் ஒரே வழிதான். அது தினமும் பயன்படுவதால் துருப்பிடிக்காது. அவர்கள் அப்போதைய ரெட் ஹேட் லினக்ஸையும் விண்டோஸ் எக்ஸ்பியையும் வைத்துப் பார்த்தபோது, முறையாக மூடித் திறப்பதைவிட விழவைத்துத் திறப்பது வேகமாகவே முடிந்தது.

இந்த வாதத்தில் பாதி நூற்றுக்கு நூறு சரி. எந்தப் பாதி என்பதைப் புரிந்துகொள்ள காமர்ஸ் வகுப்புக்குள் ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும். பி.காம். முதல் வருடப் பாடம்தான், பயப்பட வேண்டாம்.

குறிப்பேடும் பேரேடும்

1494இல் வெனிஸ் நகரத்தில் லூக்கா பச்சோலி என்ற துறவி ஒரு கணிதப் புத்தகம் வெளியிட்டார். (புத்தகத்தின் பெயர் தொடங்குவதே 'சும்மா' என்றுதான். விஷயம் சும்மா இல்லை!) இரட்டைப் பதிவு முறையை அச்சில் விளக்கிய முதல் புத்தகம் என்று அதைச் சொல்வார்கள். அதில் வியாபாரிக்கு மூன்று ஏடுகள். முதலாவது நினைவேடு. கடையில் எது நடந்தாலும் நடந்தது நடந்தபடி உடனே அதில் எழுத வேண்டும். இரண்டாவது குறிப்பேடு. நினைவேட்டில் உள்ளதை ஒழுங்குபடுத்தி, எது பற்று எது வரவு என்று அதில் எழுத வேண்டும். மூன்றாவது பேரேடு. குறிப்பேட்டில் உள்ள ஒவ்வொரு பதிவும் பேரேட்டில் இரண்டு இடங்களுக்குப் போகும்.

இங்கேதான் அழகான ஒரு விஷயம். பற்றைப் பேரேட்டுக்கு ஏற்றியவுடன் குறிப்பேட்டுப் பதிவின் மேல் ஒரு கோடு. வரவை ஏற்றியவுடன் இன்னொரு கோடு. பாதியில் யாராவது கூப்பிட்டு எழுத்தர் எழுந்து போய்விட்டாலும், திரும்பி வந்து கோட்டைப் பார்த்தால் எதுவரை ஏற்றியாகிவிட்டது என்று தெரிந்துவிடும்.

போஸ்ட்கிரெஸ் செய்வதும் இதே வேலைதான். 2001இல் வந்த 7.1 வெர்ஷனிலிருந்து, எந்த மாற்றமாக இருந்தாலும் முதலில் ஒரு பதிவேட்டில் எழுதி, அது வட்டில் போய்ச் சேர்ந்ததை உறுதி செய்துகொண்ட பிறகே "முடிந்தது" என்று பதில் சொல்லும். உண்மையான அட்டவணைக் கோப்புகளில் பிறகு சாவகாசமாக ஏற்றிக்கொள்ளும். எதுவரை ஏற்றியாயிற்று என்று அவ்வப்போது ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளும். நடுவில் மின்சாரம் போனால், எழுந்தவுடன் அந்த அடையாளத்திலிருந்து பதிவேட்டைத் திரும்ப வாசிக்கும். முழுமையான பதிவு உயிர் பெறும். பாதிப் பதிவு செல்லாது. லினக்ஸின் எக்ஸ்ட்3 கோப்பு முறையிலும் இதே யோசனைதான். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஜர்னல். அக்கவுண்டன்சியில் நாம் குறிப்பேடு என்று படிக்கிற அதே ஜர்னல்!

இப்போது இன்னொரு வகைக் கடைக்காரரை நினைத்துப் பாருங்கள். பகல் முழுக்க எதையும் எழுத மாட்டார். எல்லாம் மனசில் இருக்கும். ராத்திரி கடை சாத்தும்போது உட்கார்ந்து மொத்தமாக எழுதுவார். நல்ல ஞாபகசக்தி உள்ளவர்தான். ஆனால் மாலை ஆறு மணிக்கு அவர் மயங்கி விழுந்தால் அன்றைய கணக்கு அவரோடு போய்விடும்.

மென்பொருள் உலகத்தில் இவர்கள் நிறைய. "நிறுத்தும்போது எல்லாவற்றையும் சேமித்துக்கொள்ளலாம்" என்று எழுதப்பட்ட நிரல் எல்லாம் இந்த ரகம். ரெடிஸை அவ்வப்போது மட்டும் படம் பிடித்துச் சேமிக்கும் முறையில் வைத்து ஓட்டினால், 15 வரும்போது அது கடைசியாக ஒருமுறை சேமித்துவிட்டுக் கிளம்பும். சோதனையில் எல்லாம் சரியாகவே இருக்கும். 9 வந்தால் கடைசிப் படத்துக்குப் பிறகு நடந்ததெல்லாம் போச்சு. தற்காலிகத் தகவலுக்கு அது பரவாயில்லை. பணக் கணக்கை அப்படி வைத்தால்?

ஆகவே "செத்தால் சாகட்டும்" கட்சி சொல்வதில் சரியான பாதி இதுதான்: கணக்கின் உண்மை, கடை சாத்தும் சடங்கை நம்பி இருக்கக் கூடாது. எந்த நொடியில் விழுந்தாலும் ஏடு சரியாக இருக்க வேண்டும்.

மீதிப் பாதி எங்கே தப்பு?

ஏடு சரியாக இருந்தால் போதுமா? வரிசையில் நிற்கிறவர்கள் என்ன ஆவார்கள்?

ஒரு சின்னக் கணக்கு. ஒரு சர்வருக்கு விநாடிக்கு 200 கோரிக்கைகள் வருகின்றன, ஒவ்வொன்றும் முடிய அரை விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த நொடியில் பார்த்தாலும் சராசரியாக 100 பேர் உள்ளே இருப்பார்கள். ஒரு நாளைக்கு ஐந்து முறை டப்பென்று நிறுத்தி ஓட்டினால் 500 பேருக்குப் பதில் கிடைக்காது. டேட்டாபேஸ் சுத்தமாக இருக்கும். 500 பேரும் குழம்பிப்போய் இருப்பார்கள். ஒழுங்காகச் சாத்துவது இவர்களுக்காகத்தான்.

பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் இது இன்னும் சிக்கல். அங்கே ஏடு ஒன்றல்ல. வங்கியிடம் ஒன்று, இடையில் இருக்கும் கட்டண நிறுவனத்திடம் ஒன்று, கல்லூரித் தளத்திடம் ஒன்று. ஒவ்வொன்றும் தன்னளவில் சரியாக இருந்து, ஒன்றோடு ஒன்று பொருந்தாமல் இருக்கலாம். பாங்க் பாஸ்புக்கும் ரொக்க ஏடும் பொருந்தாதபோது வங்கிச் சரிகட்டும் பட்டியல் போடுகிறோமே, அதே நிலைமை.

ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20இல் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. ஏடிஎம்மில் கணக்கில் பணம் கழிந்து கையில் வரவில்லையென்றால், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வர வேண்டும். யுபிஐயில் ஒருவருக்கு அனுப்பிய பணம் கழிந்து அவருக்குப் போய்ச் சேரவில்லையென்றால் 1 நாளுக்குள். வணிகருக்குச் செலுத்தி உறுதிச் செய்தி வணிகருக்கு வரவில்லையென்றால் 5 நாளுக்குள். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. நல்ல விதி.

ஆனால் நம்ம மாணவரின் கதையைப் பாருங்கள். பணம் கழிந்தது. கல்லூரியின் கணக்குக்குப் போயும் சேர்ந்தது. உறுதிச் செய்தியும் கல்லூரித் தளத்துக்கு வந்தது. வாங்கிய சர்வர் "கிடைத்தது, நன்றி" என்று முதலில் பதில் அனுப்பிவிட்டு, ஏட்டில் எழுதப்போகும் நேரத்தில் நிறுத்தப்பட்டது. வங்கியைப் பொறுத்தவரை இது வெற்றிகரமான பரிவர்த்தனை. திரும்பத் தர ஒன்றுமே இல்லை! கட்டண நிறுவனமும் பதில் வந்துவிட்டதால் மறுபடி சொல்லாது. அந்த மாணவர் கட்டணம் கட்டியதை ஒப்புக்கொள்ள வேண்டிய ஒரே இடம், அதை மறந்துபோன இடம்.

இங்கே இரண்டு தவறுகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. ஏட்டில் எழுதும் முன் ரசீது கொடுத்தது முதல் தவறு. கையில் இருந்த வேலையை முடிக்காமல் கிளம்பியது இரண்டாவது தவறு. முதல் தவறு இல்லாவிட்டால் இரண்டாவது தவறு நடந்தும் பணம் தப்பித்திருக்கும். பதில் வராததால் செய்தி மறுபடி வந்திருக்கும். இரண்டாவது தவறு இல்லாவிட்டால் அந்த மாணவர் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

அதனால் இரண்டு கட்சிக்கும் சொல்ல வேண்டியது இதுதான். முதலில் சாகக் கற்றுக்கொள்ளுங்கள், அப்புறம் விடைபெறக் கற்றுக்கொள்ளுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. விடைபெறும் நிரலை மட்டும் பிரமாதமாக எழுதி, திடீர் மரணத்தைச் சோதிக்காதவர், ராத்திரி கணக்கு எழுதும் கடைக்காரர். திடீர் மரணத்தைத் தாங்கிக்கொண்டு, விடைபெறக் கற்காதவர், வாடிக்கையாளர் முகத்தில் ஷட்டரை இறக்கும் கடைக்காரர். கணக்கில் ஒரு பைசா தவறாது. ஆனால் அந்தக் கடைக்கு மறுபடி யார் போவார்கள்?

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. இவ்வளவு செய்தாலும் எப்போதாவது ஒரு கோரிக்கை பாதியில் நிற்கத்தான் செய்யும். வாடிக்கையாளர் மறுபடி பொத்தானை அழுத்துவார். அப்போது இரண்டு முறை பணம் எடுக்காமலிருக்க, ஒவ்வொரு கட்டணத்துக்கும் முதலிலேயே ஒரு எண் கொடுத்துவிட வேண்டும். அதே எண்ணோடு மறுபடி வந்தால் "இது ஏற்கெனவே வந்ததாச்சே" என்று பழைய பதிலையே தர வேண்டும். வவுச்சர் எண் இல்லாமல் பதிவு போடாதே என்று அக்கவுண்டன்சி வாத்தியார் தலையில் கொட்டுவாரே, அதற்குக் காரணம் இதுதான்.

இதெல்லாம் பெரிய நிறுவனங்களின் கவலை, மாணவர்களுக்கு என்ன என்று தோன்றலாம். கல்லூரி புராஜெக்டுகளை யாரும் சாத்திப் பார்ப்பதில்லை. டெமோ நாளன்று ஓடினால் மதிப்பெண், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பழக்கத்தோடுதான் நாளை வேலைக்குப் போவார்கள். மதிப்பெண் போடுகிறவர் ஒரே ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டால் போதும்: "ஓடிக்கொண்டிருக்கும்போது இப்போது நிறுத்தினால் என்ன ஆகும்? நிறுத்திக் காட்டுங்கள்." பாதி வகுப்பு முழிக்கும். மீதிப் பாதி கற்றுக்கொள்ளும்.

நம்ம மாணவர் என்ன செய்திருப்பார்? அநேகமாக இரண்டாவது முறையும் கட்டியிருப்பார். கெடு தவறினால் தேர்வு எழுத முடியாதே. அப்புறம் வங்கிக் கணக்குப் பட்டியலை அச்சிட்டு எடுத்துக்கொண்டு ஆபீஸ் ஜன்னலில் நின்றிருப்பார். உள்ளே இருப்பவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு "எங்க சிஸ்டத்துல ஒண்ணுதான் காட்டுது" என்றிருப்பார். அவர் சொன்னதும் பொய்யில்லை.

பி.கு.: வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு சோதனை. உங்கள் புராஜெக்டில் பத்து விநாடி எடுக்கும் ஒரு கோரிக்கையைத் தொடங்கிவிட்டு, மூன்றாவது விநாடியில் 15ஐ அனுப்புங்கள். பதில் முழுதாக வந்தால் விடைபெறத் தெரிந்திருக்கிறது. பிறகு இன்னொரு முறை தொடங்கி, மூன்றாவது விநாடியில் 9ஐ அனுப்பிவிட்டு, திரும்ப ஓடவிட்டு ஏட்டைப் பாருங்கள். பாதிப் பதிவு எதுவும் இல்லையென்றால் சாகவும் தெரிந்திருக்கிறது. இரண்டிலும் தேறினால் உங்கள் சர்வரை நம்பிக் கட்டணம் கட்டலாம்.